ஒச்சப்பனின் நாலு விநாடி

சிவகாசி பட்டாசுக் கம்பெனி முதலாளி நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சிக்கு ஒச்சப்பனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. முகம் பார்த்ததில்லை. தினமும் காலையில் வரும் கணினி அறிக்கையில் பெயரைப் பார்த்ததோடு சரி.

"நாலு விநாடியில பில்லைத் திறந்துருதான். லீவு கிடையாது, டீக்கு எந்திரிக்கிறது கிடையாது. அவனுக்கும் தீவாளி கிஃப்ட் பாக்ஸ் எடுத்து வச்சாச்சு. இந்தப் பானுப்பிரியா நாப்பது விநாடி எடுக்கு. ஆர்டர் குமிஞ்சு கெடக்கு ரோஷினி. சாயங்காலம் பானுவ மறுபடி பேக்கிங்குக்கு அனுப்பிட்டு, அவனை அந்தச் சீட்டுல உக்கார வையி" என்றார் போனில்.

"அண்ணாச்சி, ஒச்சப்பன் ஆளே இல்ல."

"காண்ட்ராக்ட்டா? இருந்துட்டுப் போறான்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. விருதுநகரில் இருந்தபடி அந்தப் பட்டாசுக் கம்பெனியின் கணினிகளைக் கண்காணிக்கும் ரோஷினி, சிவகாசி பஸ்ஸைப் பிடித்தாள். பானுப்பிரியா பேக்கிங் ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டே கம்ப்யூட்டர் படித்து பில் போடும் நாற்காலிக்கு வந்தவள். அது ஒரு நிரலிடம் பறிபோவதா?

ஆம், ஒச்சப்பன் ரோஷினி எழுதிய நிரல். அடிக்கடி தானாக உள்ளே நுழைந்து, ஒரு பில்லைத் திறந்து, எத்தனை விநாடி ஆயிற்று என்று குறித்துவிட்டு வெளியேறுவான். 'சோதனை' என்று பெயர் வைத்தால் வேண்டாத பயனர் கணக்கென்று யாராவது அழித்துவிடுகிறார்கள். அதனால் ஆள் பெயர் வைத்தாள். அதுதான் வினையாயிற்று.

ஆபீஸில் நுழைந்ததும் பானுப்பிரியா கேட்டாள். "வாங்கக்கா. என் சீட்டுக்கு வாற மாப்பிள்ளையக் கூட்டிட்டு வரலையா?"

"கோவிக்காத பானு. ஒரு பில்லைத் திற."

பானு கிளிக் செய்தாள். கொட்டாவி விட்டாள். தண்ணீர் குடித்தாள். பில் அப்புறம்தான் திறந்தது.

கம்பெனியின் நிஜக் கணினி மும்பையில், கிளவுட் நிறுவனத்தின் கட்டடத்தில் இருக்கிறது. பானுவின் மேஜையில் இருப்பது திரையும் சிறு பெட்டியும்தான். இங்கே கிளிக் செய்தால் அது மும்பைக்குப் போகும். பில் அங்கே திறக்கும். அந்தப் படம் இங்கே திரும்பி வரும். ஒச்சப்பன் இருப்பதோ மும்பையில், அந்தக் கணினிக்குப் பக்கத்திலேயே. அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொண்டு இட்லி சுடச்சுட வருகிறது என்று சொல்கிற ஆள் அவன். பந்தியின் கடைசி இலையை அவன் எங்கே கண்டான்?

அப்போதுதான் ரோஷினி திரையைச் சரியாகப் பார்த்தாள். பில்லைச் சுற்றி நாலு பக்கமும் வாணவேடிக்கை வெடித்துக்கொண்டிருந்தது.

"இதென்ன பானு?"

"அண்ணாச்சி போட வச்ச வீடியோக்கா. நம்ம புது ஃபேன்ஸி வெடி. கவுண்ட்டருக்கு வாற வியாபாரி பாக்கணுமாம்."

ரோஷினிக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது. மும்பை முழுப் படத்தையும் ஒவ்வொரு முறையும் அனுப்புவதில்லை. மாறிய இடத்தை மட்டும்தான் அனுப்பும். ஒரு எழுத்து மாறினால் ஒரு எழுத்தளவு. வெடி சிதறினால்? ஒவ்வொரு பொறியும் மாற்றம்தான். பொறிகளெல்லாம் வந்து சேரும்வரை பில் பின்னால் வரிசையில் நிற்கிறது!

அந்நேரம் அண்ணாச்சி வந்தார். "ஒச்சப்பன் எங்கம்மா?"

"உக்கார வைக்கேன் அண்ணாச்சி."

பக்கத்து மேஜையில் சும்மா கிடந்த பெட்டியில் ஒச்சப்பனை ஏற்றி, அதே வீடியோவையும் ஓடவிட்டாள். காலி நாற்காலிக்கு முன்னால் அம்புக்குறி தானாக நகர்ந்தது. அண்ணாச்சி குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார்.

"இம்புட்டுத்தான் அண்ணாச்சி அவன்."

நாற்பத்து மூன்று விநாடி என்று காட்டியது.

"ஏலே ஒச்சப்பா! மும்பையில நல்லாத்தானலே இருந்த? சிவகாசித் தண்ணி ஒத்துக்கலையா?"

ரோஷினி வீடியோவை நிறுத்தினாள். ஐந்து விநாடி. பானுவின் திரையிலும் நிறுத்தினாள். அங்கும் அப்படியே.

அண்ணாச்சி ரெண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ என் வெடிதான் மறிச்சிட்டு நின்னுருக்கு."

"சுவத்துல ஒரு டிவி மாட்டி, பென் டிரைவ்ல ஓட விடுங்க. மும்பைக்குப் போய் வர வேண்டியதில்ல. எம்புட்டு வேணும்னாலும் வெடிக்கலாம்."

"ஏம்மா பானு, பில்லைப் போடு" என்றார் அண்ணாச்சி, ஒன்றுமே நடக்காதது போல. வாசல் வரை போனவர் திரும்பினார். "ஒச்சப்பனுக்கு எடுத்து வச்ச கிஃப்ட் பாக்ஸ என்ன பண்றது?"

பானு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்கிட்ட குடுங்க அண்ணாச்சி. பக்கத்துச் சீட்டுதான, நான் சேத்துருதேன்."