எழாத பந்து

மார்கழியின் பனி பனமலை ஏரியின்மேல் வெண்துகில் விரித்துக் கிடந்தது. தாளகிரீசுவரர் குன்று பாதி மறைந்தும் பாதி தெரிந்தும் தவத்தில் அமர்ந்தது போலிருந்தது. மணியோசையும் பதிகமும் ஈரக்காற்றில் மெல்ல இறங்கி வந்தன. உலகமெல்லாம் இறைவன் திருமுன் குளிர்ந்து ஒடுங்கும் அந்த மாதத்தில், கலைமதியின் நெஞ்சு மட்டும் உலைக்களமாய்க் கனன்றது. அன்று விழுப்புரத்தில் இறுதிப் போட்டி.

போட்டி நடக்கும் கோலியனூர் சாலை உள்ளரங்கம் பல வேடம் புனைவது. ஒரு வாரம் திருமணம், மறுவாரம் கண்காட்சி, இடையிடையே கல்லூரிகளின் கூடைப்பந்து. மணமேடை போட்டுப் போட்டு மேற்கு மூலையில் மரத்தரையின் அடித்தாங்கல் நொறுங்கியிருந்தது. அங்கே தட்டிய பந்து எழாது. முன்பு விழுப்புரத்துக் கல்லூரிக்கு ஆடிய நாளில் கலைமதி அவ்விடத்தில் பந்தை இழக்க, ஆட்டமும் போயிற்று. தரையில் குறை என்று வாய்திறந்தாள். அரங்கின் உரிமையாளரோ அணியின் பயிற்சியாளர் ஜெகதீசனின் மைத்துனர். ஜெகதீசன் அணியின் முன்னே சிரித்தார்.

"தரை நல்லாத்தாம்மா இருக்கு. உன் கைதான் செத்துப் போச்சு. வூட்டுக்குப் போய் மல்லாட்டை உரி."

உழவர் வீட்டில் பிறந்தவளுக்குக் கடலை உரிப்பதில் நாணமில்லை. அவர் அதைச் சொன்ன விதம் சுட்டது. அணியிலிருந்து நீக்கப்பட்டவள் திண்டிவனத்துக் கல்லூரியில் சேர்ந்தாள். களம் புகுமுன் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவது ஆட்டக்காரர் வழக்கம். ஜெகதீசன் வாயை அடைக்கும்வரை அந்தத் தரையைத் தொடுவதில்லை என்று திருவக்கரைக் காளியின் முன் சூளுரைத்தாள்.

அன்றும் தொடாமலே களம் புகுந்தாள்.

ஆட்டம் முடியும் தறுவாயில் விழுப்புரம் ஒரு புள்ளி முன்னே நின்றது. பந்து ஆர்த்தியின் கையில். அதைக் காத்து நேரம் கடத்தினால் போதும். கலைமதியின் பழைய தோழி அவள். உண்மை தெரிந்தும் அன்று தலைகுனிந்து நின்றவள். மேற்கு மூலையை ஒதுக்கியே ஓடப் பழகியவள். கலைமதி பந்தைப் பறிக்க முயலவில்லை. வழிகளை மறித்து, வேட்டுவச்சி மானை வலைக்கு ஓட்டுவதுபோல், அவளை அம்மூலைக்கே ஒதுக்கினாள். ஆர்த்தியின் கண்ணில் அச்சம் தெரிந்தது. கலைமதிக்கு அது தேனாய் இனித்தது. பந்து தரையில் பட்டது, எழவில்லை. அள்ளிக்கொண்டு ஓடி வளையத்தில் இட்டாள். முடிவுச் சங்கு ஒலித்தது.

ஜெகதீசன் களத்துக்குள் பாய்ந்து ஆர்த்தியின்மேல் விழுந்தார். அவள் கையும் செத்துவிட்டதா என்று கேட்டார். அதே சொல்.

கலைமதி பந்தோடு அவரெதிரே போய் நின்றாள்.

"சார், அவள ஏன் திட்டிக்கினு இருக்கீங்க? இதே எடத்துல நீங்க ஒருவாட்டி தட்டிக் காட்டுங்க. உங்க கை நல்லாத்தானே இருக்கு?"

இரு அணியும் நடுவர்களும் பார்த்திருக்க, மறுக்க வழியின்றித் தட்டினார். பந்து முனகி அவர் காலடியில் உருண்டது. ஓங்கித் தட்டினார். மீண்டும் உருண்டது. அப்போது விழுப்புரத்து அணியிலேயே ஒருத்தி மெல்லக் கேட்டாள்:

"சார், மல்லாட்டை உரிக்கப் போலாமா?"

சிரிப்பு வரிசை வரிசையாக மேலேறிக் கூரையைத் தொட்டது. அவர் முகம் சுண்டிற்று, வாய் திறக்கவில்லை. அச்சிரிப்பு அடங்கும்வரை கலைமதி அவர்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

பிறகு குனிந்தாள். பந்து எழாத அவ்விடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். உதடு காளியின் பெயரை ஓசையின்றிச் சொன்னது.

நிமிர்ந்தபோது ஆர்த்தி அழுதுகொண்டு நின்றாள். கலைமதி அவள் தலையில் கைவைத்தாள்.

"இனிமே உன் கைய யாரும் கொறை சொல்லமாட்டாங்க. நல்லா இருடி."