தக்காளிக்குப் பின்னால் நின்ற செடி

1986 கோடையில் மரியரட்ணத்தின் குடல் டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் ஊரில் இருந்த எல்லாத் தமிழ் வீடுகளிலும் பேச்சாயிற்று. நாளுக்குப் பதினைந்து தடவை, போனதெல்லாம் இரத்தம். பெருங்குடலை வெட்டி, மலம் போக வயிற்றில் பை கட்ட வேண்டும் என்றார் டாக்டர். செபக்கூட்டம் நடத்துகிறவர் மரியரட்ணம். பையோடு சனத்துக்கு முன்னால் நிற்பதைவிடச் சாகலாம் என்றார்.

அவர் மனைவி அருமைநாயகி பக்கத்து வீட்டு மாமாங்கத்திடம் போனாள். அவனுடைய தகப்பன் மட்டக்களப்பில் வைத்தியர்.

"ரத்தக்கழிச்சலுக்கு அப்பா கஞ்சா இலைதான் குடுக்கிறவர் அக்கா. குடலை ஆத்துமோ தெரியா. நோவை அடக்கும்."

மாமாங்கத்தோடு வேலை செய்த டேனிஷ்காரன் கொடுத்த விதை. ஒரேயொரு செடி, அவன் தோட்டத்தில் தக்காளிக்குப் பின்னால் மறைவாக நின்றது.

அவன் பறித்துக் கொடுத்த இலையை அருமைநாயகி அரைத்து ஆட்டிறைச்சிக் கறியில் போட்டாள். கணவனிடம் மூச்சு விடவில்லை, தெரிந்தால் துப்பிவிடுவார். மூன்று கிழமையில் பதினைந்து நான்காயிற்று. தான் கொடுத்த மாத்திரை பிடித்துவிட்டது என்று டாக்டர் வெட்டுவதைத் தள்ளிவைத்தார். மரியரட்ணமோ புனித அந்தோனியார் செய்த புதுமை என்று செபக்கூட்டத்தில் சாட்சி சொன்னார்.

உடம்பு தேற, வாயும் தேறியது. ஒரு நாள் வேலிக்கு மேலால் செடியைக் கண்டுவிட்டார்.

"மட்டக்களப்பார் மந்திரத்தாலை ஆளைப் பாயோடை ஒட்டவைப்பினம் எண்டு கேள்வி. நீ புகையாலையோடா?"

"ஓம் அண்ணை, உங்களுக்கும் ஒரு பாய் விரிக்கட்டே?" என்று சிரித்தான் மாமாங்கம்.

மறுநாளே மரியரட்ணம் பொலிசுக்குப் போனார். "தமிழன்ரை பேரைக் கெடுக்கிற நாய்" என்று சொல்லிக்கொண்டே சப்பாத்து மாட்டினார். அருமைநாயகி கதவைப் பிடித்தபடி நின்றாள். கறியில் போட்டதைச் சொன்னால் தன்னையும் சேர்த்துப் பிடித்துக் கொடுப்பாரென்று பட்டது. விலகி வழி விட்டாள்.

பொலிசார் வந்து செடியை வேரோடு பிடுங்கிப் பையில் போட்டார்கள். மாமாங்கத்துக்கு அகதி அனுமதி இன்னும் வந்திருக்கவில்லை. காரில் ஏறும்போது யன்னலில் நின்ற அவளை ஒருமுறை பார்த்தான். அவளைக் காட்டிக்கொடுக்க ஒரு சொல் போதும். அவன் சொல்லவில்லை. அவனைக் காப்பாற்றவும் ஒரு சொல் போதும். அவளும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் கழிவறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"அருமை! திரும்ப ரத்தமடி! நல்லாத்தானே இருந்தனான், என்ன நடந்தது?"

அவள் கறிச்சட்டியைக் கழுவி முடித்துக் கவிழ்த்தாள்.

"அந்தோனியாரைக் கேளுங்கோ" என்றாள். ஈரக் கையைத் துடைத்துவிட்டு, வெட்டுவதற்கு நாள் கேட்க ஆஸ்பத்திரி நம்பரைச் சுழற்றினாள்.