தாடையில் ஒரு குழாய்

எனக்குப் பொறுமை என்பதே கிடையாது. சுருளிப்பட்டியில் முக்கால்வாசித் திராட்சைத் தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டவன் நான். எங்கேயாவது ஒரு சொட்டு வீணாக ஒழுகினாலே கை பரபரக்கும். அந்தக் கைதான் என் பெண்டாட்டி மகாலட்சுமியின் பல்லுக்கு வினையாக வந்தது.

அவளுக்குக் கீழ்த்தாடை வீங்கியிருந்தது. தேனியில் பல் டாக்டர் யுவராணி படம் எடுத்துப் பார்த்து, எலும்புக்குள் நெல்லிக்காய் அளவுக்கு நீர்க்கட்டி என்றார். பக்கத்துப் பற்கள் இரண்டின் வேரையும் அது உரசிக்கொண்டிருந்தது.

"மொத்தமாப் புடுங்கிப்புட்டு பல்செட்டு மாட்டிவிடுங்கம்மா, சோலி முடிஞ்சுரும்" என்றேன்.

மகாலட்சுமி என்னை முறைத்தாள். "ஒங்க பல்லப் புடுங்கச் சொல்லுங்க. எம்பல்லு ஒண்ணுகூடச் சொத்தை கெடையாது. அதுக என்ன பாவம் பண்ணுச்சு?"

டாக்டர் சிரித்தார். "புடுங்க வேண்டாம். இப்பவே கட்டியச் சுரண்டுனா வேர் அடிபட்டு அந்த ரெண்டு பல்லும் செத்துரும். மொதல்ல சின்னக் குழாய் வச்சு உள்ள இருக்க தண்ணிய வெளியேத்துவோம். ஆறேழு மாசத்துல கட்டி சுருங்கி, வேர விட்டு விலகிரும். அப்புறம் எடுத்துறலாம்."

குழாய் வைத்தார்கள். காலையும் மாலையும் ஊசியில்லாத சிரிஞ்சால் உப்புநீர் பீய்ச்சி அதைக் கழுவ வேண்டும். குழாய் வேலை என்றால் கேட்கவா வேண்டும், நானே ஏற்றுக்கொண்டேன்.

ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் குழாய்க்குள் சோற்றுப் பருக்கை போகிறதென்று அவள் புலம்பினாள். எனக்கோ வாய் திறந்து கிடக்கிற குழாயைப் பார்த்தாலே ஆகாது. தோட்டத்தில் ஓட்டையை அடைக்கிற டம்மி ஒன்றை எடுத்து, சின்னதாகச் சீவி, வெந்நீரில் கொதிக்கவிட்டு, கச்சிதமாக மாட்டினேன்.

"இனி ஒரு பருக்கை போகாது பாரு."

"நீங்க செஞ்சா சரியாத்தேன் இருக்கும்" என்றாள். பாவி, நம்பிவிட்டாள்.

அடைத்தாயிற்று, இனிக் கழுவுவானேன் என்று அதையும் விட்டுவிட்டேன். எட்டாம் நாள் காய்ச்சல். கன்னம் பன்னாக உப்பிவிட்டது. தேனிக்கு ஓடினோம். டாக்டர் டம்மியைப் பிடுங்கியதும் சீழாகக் கொட்டியது.

"யாரு இத அடைச்சது?"

நான் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்தேன்.

"நாந்தேம்மா, சோறு போகுதேன்னு..." என்றாள் மகாலட்சுமி.

டாக்டர் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். வெளியேற்றத்தானே குழாய், அதையே அடைத்தால் எப்படி என்றார். "ரெண்டு பல்லும் ஆடுது. பொழைக்குமான்னு இப்பச் சொல்ல முடியாது." அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். நான் மரம் மாதிரி நின்றேன். வெட்கங்கெட்டவன்.

பஸ்ஸில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

"எம்முன்னால ஒங்கள யாரும் வையக் கூடாது. வையணும்னா நான் வைவேன்" என்றாள். சொன்னபடியே வீடு வரை வைதாள்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் ஒருவேளைகூடக் கழுவத் தவறவில்லை. கட்டி சுருங்கியது, வேரைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது. ஆபரேஷனில் பல்லைத் தொடாமல் கட்டியை முழுதாக உரித்து எடுத்துவிட்டார்கள்.

பல் இரண்டும் உயிரோடு இருக்கிறதா என்று ஒரு மாதம் கழித்துச் சோதித்தார் டாக்டர். சில்லென்ற பஞ்சைப் பல்லில் வைப்பார், கூசினால் உயிர் இருக்கிறது.

முதல் பல்லில் வைத்தார். "ஸ்ஸ்! கூசுதும்மா!"

இரண்டாவதில் வைத்தார். சத்தமே இல்லை. ஒரு விநாடி, இரண்டு விநாடி. பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன்.

"டாக்டரம்மா, அன்னைக்கு அடைச்சது அவ இல்ல, நாந்தேன்! டம்மியச் சீவி மாட்டுனது நாந்தேன்! வையிறதுன்னா என்னைய வைங்க!"

திறந்த வாயோடு மகாலட்சுமி என் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "அய்யோ, செத்த சும்மா இருங்க! ஸ்ஸ்... இதுவும் கூசுதும்மா! நல்லாக் கூசுது!"

கூச்சத்தில் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு அந்தச் சாக்குகூட இல்லை. ஆனாலும் டாக்டர் முன்னாலேயே விம்மி விம்மி அழுதேன்.