மானிட்டர் நாற்காலி

பதினொரு வருடம் டாக்டரின் வலது கைப் பக்கம் நின்றவள் நான். நுரையீரலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும்போது, சதை கிள்ளும் இடுக்கியை அவர் கேட்பதற்கு முன்பே நீட்டிவிடுவேன். போன மாதம் அந்த இடத்தைப் புதுசுக்குக் கொடுத்துவிட்டார். புதுசு என்பது நான் வைத்த பெயர். வேலைக்கு வந்து நாலு மாதம்கூட ஆகாத நர்ஸ். எனக்குக் கிடைத்தது நோயாளியின் தலைமாட்டில் ஒரு நாற்காலி. மயக்க ஊசியை அளந்து போட வேண்டும், மானிட்டரில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க வேண்டும், வேறு எதையும் தொடக்கூடாது. நேற்று முளைத்தவளுக்காக என்னை ஓரங்கட்டிவிட்டாரே என்று வயிறு எரிந்தது.

அன்று படுத்திருந்தவர் ஒரு தையல்காரர். இருமினால் ரத்தம். ஊசி போட்டதும் கண் சொருகிவிட்டது. அவர் விரல் சில்லிட்டிருந்ததால், அதில் மாட்டிய கிளிப் ஆக்சிஜனைச் சரியாக அளக்க முடியாமல் மானிட்டர் சும்மா சும்மா கத்தியது. எரிச்சலில் அதன் சத்தத்தை அணைத்தேன்.

"சபாஷ், கரெக்டா புடிச்சே" என்றார் டாக்டர், புதுசிடம். என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. முகமூடிக்கு மேலே அவள் கண் சிரித்தது. அந்தக் கண்ணையே முறைத்துக்கொண்டிருந்தேன், எவ்வளவு நேரமோ.

அவள் முழங்கையால் என்னை இடித்தாள். குனிந்தேன். தையல்காரரின் உதடு நீலம் பாரித்திருந்தது. மூக்கில் வைத்த ஆக்சிஜன் குழாய் கன்னத்துக்கு நழுவியிருந்தது. மானிட்டரில் எழுபத்தெட்டு.

"டாக்டர், வெளிய எடுங்க!" என்று கத்தினேன்.

அவர் நுரையீரலுக்குள் விட்டிருந்த குழாயை உருவினார். நான் தாடையைத் தூக்கிப் பிடித்து, நழுவிய குழாயை மூக்கில் வைத்து, ஆக்சிஜனைக் கூட்டினேன். எண்பத்தைந்து. தொண்ணூறு. தொண்ணூற்றாறு வந்த பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது.

டாக்டர் நெற்றியைத் துடைத்தார். "இதுக்குத்தான் சிஸ்டர் உங்கள இங்க உக்கார வச்சேன். இடுக்கி நீட்ட யார் வேணா பழகிக்கலாம். மூச்சப் பாத்துக்க உங்களத் தவிர யாரையும் நம்ப மாட்டேன்."

புதுசு வாயே திறக்கவில்லை. அவள் போட்டுக்கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நான் பாக்கல டாக்டர். சத்தத்த அணைச்சதும் நான்தான். பாத்தது இவ."

அவர் திட்டவில்லை. அடுத்த நோயாளி வந்ததும், "ரெண்டு பேரும் இடம் மாத்திக்குங்க" என்றார்.

இடுக்கி என் கைக்கு வந்துவிட்டது. ஒரு மாதமாக இதற்குத்தான் ஏங்கிக் கிடந்தேன். டாக்டர் இரண்டு முறை கேட்ட பிறகே நீட்டினேன். என் கண் நாற்காலியின் மேலேயே இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவள் மானிட்டரை விட்டு ஒரு தடவைகூடத் திரும்பவில்லை, பாவி.