பதினோரு மணி என்று சொன்னான்

“இங்க பாரு, இதைச் சுரண்டி எடு” என்றார் முனீர் சாச்சா.

தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்த ஷர்ஃபு குனிந்து பார்த்தான். அண்ணனின் இடது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பசை காய்ந்து தோலோடு ஒட்டியிருந்தது.

“தண்ணி தோல்ல படணும்பா. பசை இருந்தா குளிப்பாட்டுனது சேராது.” நாற்பது வருடமாகத் தொப்சியா பேட்டையில் இறந்தவர்களின் உடலை, மையத்தை, குளிப்பாட்டுகிறவர் அவர். விரலைத் திருப்பிப் பார்த்தார். “இன்னிக்குப் பட்ட பசை மாதிரில்ல இருக்கு? காலைல வேலை பாத்தாரா?”

“கொஞ்ச நேரம்.”

“ஒடம்பு நல்லாத்தான் இருந்துச்சா அப்ப?”

ஷர்ஃபு தேங்காயெண்ணெயைத் தொட்டு நகத்தால் சுரண்டத் தொடங்கினான். பசை சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரண்டு வந்தது. அண்ணனின் விரல் குளிர்ந்திருந்தாலும் இன்னும் விறைக்கவில்லை. இழுத்த பக்கம் வந்தது. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. யாரென்று எடுத்துப் பார்க்காமலே தெரியும். சர்க்கார் பாபு.

முற்றத்தில் கட்டியிருந்த படுக்கை விரிப்புகளுக்கு அந்தப் பக்கம் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக யாரோ உள்ளே வந்து அழுதார்கள். அழுகைக்கு நடுவே அண்ணி நிக்ஹத்தின் குரல் கேட்டது. அவள் அழவில்லை. ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்: “பதினோரு மணிக்குத்தான் வலின்னாரு. உடனே கூட்டிட்டுப் போயிட்டான் ஷர்ஃபு. யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு.”

மதியத்திலிருந்து ஏழெட்டு முறை சொல்லிவிட்டாள்.

வலி தொடங்கியது ஒன்பது மணிக்கு.

மாடி அறையில் அண்ணன் தம்பி இருவரும் அப்போதுதான் தோல் வேலைக்கு உட்கார்ந்திருந்தார்கள். பாலிகஞ்சிலிருந்து வந்த சர்க்கார் பாபு ஒரு மணிபர்ஸ் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைக்குக் கொடுக்க. வெளியே கன்றுத்தோல், உள்ளே மகளின் கல்யாணப் பனாரஸ் சேலை முந்தானையில் வெட்டிய குங்குமநிறப் பட்டு. ஒன்றரைச் சாண்தான் துணி, கறை பட்டால் வேறு கிடையாது. பன்னிரண்டு மணிக்கு வந்து வாங்கிக்கொண்டு அப்படியே ரயிலேறப் போவதாகச் சொல்லியிருந்தார்.

அண்ணன் தௌகீர் தோலின் ஓரத்தைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்திருக்கான்டா. உன்ன மாதிரி ஒரு தடியன்.”

“நேத்து ரெண்டு கிண்ணம் பாயா அடிச்சீங்கள்ல? அதுதான் உக்காந்திருக்கு.”

அண்ணன் சிரித்தார். ஷர்ஃபுவும் சிரித்தான். கீழே டீக்கடை பப்பனிடம் குரல் கொடுத்து ஒரு சோடா வரவழைத்தான். பப்பன்தான் ஏறி வந்து கொடுத்தார். “என்னா தௌகீர் பாய், இப்பிடி வேர்க்குது?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

சோடா குடித்தும் வலி இறங்கவில்லை. இடது தோளை அமுக்கிக்கொண்டு அண்ணன் கேட்டார். “டாக்டரைப் பாத்துட்டு வந்துரலாமாடா?”

“துணிய மட்டும் ஒட்டிக் குடுத்துருங்கண்ணே. பட்டுல என் கை நிக்காது, பசை ஊறிரும். அப்புறம் போலாம்.”

அது உண்மைதான். பட்டில் தூரிகை வைக்கக் கூடாது. விரல் நுனியால் ஓரத்தில் மட்டும் நூல் மாதிரிப் பசை இழுத்து, அதன் பளபளப்பு மங்கும்வரை காத்திருக்க வேண்டும். தோலைப் பாதி மடக்கிப் பிடித்துக்கொண்டே துணியை ஒட்டினால்தான் மூடும்போது உள்ளே சுருக்கம் விழாது. அண்ணன் இருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார். கறை ஒரு பொட்டுகூடப் படவில்லை. அவர் ஒட்டி முடித்துக் கொடுத்ததும் ஷர்ஃபு துளை குத்தி, இரட்டை ஊசி கோத்துத் தைக்க உட்கார்ந்தான். இரண்டு பக்கம் தைத்துவிட்டு நிமிர்ந்தபோது அண்ணன் சுவரில் சாய்ந்திருந்தார். உதடு நீலமாக இருந்தது. சுவரில் மாட்டிய கடிகாரம் பதினொன்றைக் காட்டியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: “வலி எப்ப ஆரம்பிச்சுது?” நிக்ஹத் அண்ணனின் செருப்புகளை நெஞ்சோடு அணைத்தபடி பக்கத்தில் நின்றாள். ஷர்ஃபு வாயைத் திறந்தான். பதினோரு மணி என்று வந்தது. டாக்டர் அதை எழுதிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, மாரடைப்பு இவ்வளவு வேகமாக வந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாதம்மா என்றார். நிக்ஹத் அந்தச் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அண்ணனின் ஜனாஸாவைத் தூக்கினார்கள். சந்து முனையில் சர்க்கார் பாபு நின்றிருந்தார். ரயிலை விட்டுவிட்டார் போலிருக்கிறது. கையில் கைபேசியை வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தவர், முன்னால் தோள் கொடுத்துவந்த ஷர்ஃபுவைக் கண்டதும் கைபேசியைச் சட்டென்று பைக்குள் போட்டார். கைகளைக் கூப்பினார். பிறகு கூட்டத்தின் பின்னாலேயே டிராம் பாதை வரைக்கும் நடந்து வந்தார். எதுவும் கேட்கவில்லை.

ஷர்ஃபுவின் கண் வேறோர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. பப்பன் கூட்டத்தில் இருந்தார். ஒருமுறை நிக்ஹத்தின் அண்ணனோடு பேசிக்கொண்டு நடந்தார். அடுத்த முறை பார்த்தபோது முனீர் சாச்சாவின் காதருகே ஏதோ சொன்னார். சாச்சா தலையாட்டினார். தோள் மாற்ற ஆள் வந்தும் ஷர்ஃபு ஜனாஸாவின் கட்டையை விடவில்லை. விட்டால் பின்வாங்கிப் பப்பனோடு நடக்க வேண்டியிருக்கும்.

மண் தள்ளி முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். பப்பன் அவன் பக்கத்தில் வந்து நடந்தார்.

“காலைல நான் சோடா கொண்டாந்தேன்ல.”

ஷர்ஃபு செருப்பில் ஒட்டிய மண்ணைத் தரையில் தேய்த்தான்.

“ஆஸ்பத்திரில பதினோரு மணின்னு சொன்னியாமே. கேள்விப்பட்டேன்.” பப்பன் அவன் தோளில் கை வைத்தார். “பயப்படாதடா. நான் யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். என் புள்ளைங்க மேல சத்தியம்.”

கருணையாகத்தான் சொன்னார். முகத்தில் வஞ்சகம் இல்லை. ஆனால் அந்தக் கை தோளிலிருந்து எடுக்கப்பட்ட பின்னும் பாரம் போகவில்லை. நாளைக் காலையும் டீக்கு அவரைத்தான் கூப்பிட வேண்டும். அவர் கிளாஸை வைத்துவிட்டு ஒரு பார்வை பார்ப்பார். அதற்கடுத்த நாளும். பத்து வயதில் பீகாரிலிருந்து வந்த அவனுக்கு இருபத்திரண்டு வருடம் சோறு போட்ட அண்ணி கீழே இருப்பாள். வருகிறவர்களிடம் பதினோரு மணி என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

வீட்டுக்கு வந்தபோது அந்தி நேர மக்ரிப் பாங்கு முடிந்திருந்தது. பெண்கள் தொழ உள்ளறைக்குப் போயிருந்தார்கள். நிக்ஹத் மட்டும் வெள்ளைத் துப்பட்டாவில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. எதிர்வீட்டிலிருந்து வந்த சோற்றுக் குண்டானும் பருப்பும் அவள் முன்னால் இருந்தன.

“வந்து உக்காரு. காலைல குடிச்ச டீயோட நிக்கிற.”

அவன் உட்கார்ந்தான். தட்டை அவனிடம் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிப் பிடித்துக்கொண்டான்.

“மண்ணு நல்லா அமுக்குனாங்களா? மழை வந்தா எறங்கிராதே?”

“நல்லா அமுக்குனாங்க அண்ணி.”

“பப்பன் வந்திருந்தாரா?”

அவன் நிமிர்ந்தான். அவள் கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். சும்மாதான் கேட்டாள். அண்ணனின் பழைய கூட்டாளி என்பதால் கேட்டாள். வந்தார் என்று சொல்லிவிட்டால் போதும். பேச்சு அதோடு நின்றுவிடும்.

“அண்ணி.” தட்டின் விளிம்பைப் பார்த்துச் சொன்னான். “ஒம்பது மணிக்கே சொன்னாரு.”

“என்ன?”

“வலிக்குதுன்னு. டாக்டர்கிட்ட போலாமான்னு அவரா கேட்டாரு. நான்தான்... துணிய ஒட்டிட்டுப் போலாம்னேன்.”

உள்ளறையில் யாரோ தொழுகையை முடித்து எழும் சத்தம் கேட்டது. தெருவில் ஒரு ரிக்‌ஷாவின் மணி கடந்து போனது. அவள் கத்துவாள், தன் அண்ணனைக் கூப்பிடுவாள், தட்டைப் பிடுங்கி எறிவாள் என்று ஷர்ஃபு தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு காத்திருந்தான்.

நிக்ஹத் கரண்டியைக் குண்டானுக்குள் விட்டுச் சோறு எடுத்தாள். அவன் தட்டில் போட்டாள். இன்னொரு கரண்டி. அவள் கண்கள் தட்டில் இல்லை, அவன் முகத்திலும் இல்லை. இன்னொன்று. சோறு குவிந்து விளிம்பைத் தாண்டி அவன் விரல்கள் மேல் சுடச்சுட விழுந்தது, பிறகு பாயில் விழுந்தது. போதும் என்று அவன் சொல்லவில்லை. அவள் இன்னொரு கரண்டி எடுத்தாள்.