ஐந்து இருபது வண்டி

அழிப்பானை வைத்து இரண்டு மணியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒன்றேகால் என்று பென்சிலால் எழுதினாள். எழுதி முடித்ததும் பென்சிலைக் கீழே வைக்க மனம் வரவில்லை. மறுபடி அழித்து இரண்டு என்று போட்டாள். அதையும் அழித்தாள். தாள் அந்த இடத்தில் மட்டும் நைந்து, இன்னொரு முறை தேய்த்தால் ஓட்டை விழும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. அதற்குப் பயந்தே ஒன்றேகாலில் நிறுத்திக்கொண்டாள்.

குதிரைப் பந்தய மன்றத்தில் இருபத்தாறு வருடங்களாக அட்டவணை போடுவது அவள் வேலை. வருடத்துக்கு ஒரு முறை வரும் கோப்பை வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஏழு பந்தயம். எந்தக் குதிரை எப்போது ஓடும், ஓடிய குதிரைக்கு எத்தனை நாள் ஓய்வு, இரண்டு பந்தயத்துக்கு நடுவே எத்தனை நிமிடம் என்பதெல்லாம் அவள் பென்சிலில் இருந்துதான் பிறக்கும். வாசலில் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்ற கணக்கும் அவள் பொறுப்பு. ஆறு வாசலிலும் சுழல் கதவு, ஒவ்வொன்றின் தலையிலும் ஆளை எண்ணும் ஒரு முள். ஆள் நுழையும்போது ஒன்று கூடும். ஆறு வருடங்களாக அந்த முட்கள் சோம்பல்பட ஆரம்பித்திருந்தன. போன வருடம் பார்வையாளர்களின் நடு மேடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்றால் அது மிகையில்லை.

இந்த வருடம் ஐந்து நாளும் சேர்த்து எண்ணாயிரம் தலை தேறாவிட்டால் கோப்பை வாரத்தையே கைகழுவிவிடுவது என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருந்தது. கூட்டம் ஏன் குறைகிறது என்று செயலாளர் தலையைப் பிய்த்துக்கொண்டார். வாசலில் வளைவு கட்டலாமா, வாத்தியக் குழுவை அழைக்கலாமா என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். காரணம் அவளுக்குத் தெரியும். இன்று நேற்றல்ல, மூன்று வருடங்களாகத் தெரியும்.

மைதானத்தில் இருந்து ஊருக்குள் போகும் கடைசிப் பேருந்து ஐந்து இருபதுக்கு. தினமும் கோப்பைப் பந்தயம் ஏழாவது, அது ஐந்தரைக்கு. பேருந்தில் வருகிற சனம் ஆறு பந்தயம் பார்த்துவிட்டு, எதற்காக வந்தார்களோ அதைப் பார்க்காமலேயே திரும்பிப் போனார்கள். இரண்டு வருடம் அப்படிப் போனவர்கள் மூன்றாம் வருடம் வரவில்லை. குழுவில் இருந்த அத்தனை பேரும் காரில் வருகிறவர்கள். பேருந்து என்று ஒன்று வந்து போவதே அவர்களுக்குத் தெரியாது. பேருந்தைப் பின்னால் தள்ளச் சொல்லி ஊர்க்காரர்கள் எழுதிய கடிதங்களுக்கும் பணிமனையில் இருந்து பதில் இல்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி, பந்தயத்தை முன்னால் இழுப்பது. குழுவினரின் மதிய விருந்து நிதானமாக முடியட்டும் என்றுதான் முதல் பந்தயம் இரண்டு மணிக்கு வைக்கப்பட்டிருந்தது. அந்தச் சாப்பாட்டில் முக்கால் மணி நேரத்தை வெட்டினால் போதும்.

தெரிந்தும் மூன்று வருடம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று யாராவது கேட்டிருந்தால் அவளிடம் பதில் இருந்திருக்காது. இருந்தது, சொல்லக்கூடியதாக இல்லை. ஐந்து இருபது வண்டியைத் தவறவிடுகிறவர்களில் அவளும் ஒருத்தி. இன்னொருவர் அறிவிப்பாளர்.

அவர் வேறு ஊர்க்காரர், கோப்பை வாரத்துக்கு மட்டும் வருவார். மனைவி போய் எட்டு வருடம் ஆகிறது. அட்டவணை போடுகிறவள் என்பதால் அவளை டீச்சரம்மா என்று கூப்பிடுவார். அவர் ஒலிபெருக்கிக் கம்பிகளைச் சுருட்டி முடிக்கவும், அவள் சொற்பக் கணக்கை எழுதி முடிக்கவும் சரியாக இருக்கும். பிறகு இருவரும் பெரிய சாலை வரை நாற்பது நிமிடம் நடப்பார்கள். ஏழு பந்தயம் கத்தி ஓய்ந்த தொண்டையில் அவருக்குச் சத்தமே வராது. மைதானம் முழுக்கக் கேட்ட குரலின் மிச்சம் அவளுக்கு மட்டும், காற்றும் கரகரப்புமாக வரும். தப்பாக உச்சரித்த குதிரைப் பெயர்களைச் சொல்லித் தன்னையே நையாண்டி செய்துகொள்வார். பாதி வழியில் ஒரு சின்னப் பாலம். அதன் கட்டைச் சுவரில் முட்டி வலிக்காக இரண்டு நிமிடம் உட்காருவார். அவள் நின்றபடி பேசுவாள். மாடிப் போர்ஷனில் தனியாக இருப்பவள், ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தால் மூன்று நிமிடத்தில் பேச்சு தீர்ந்துபோகிறவள், அந்த நாற்பது நிமிடத்தில் ஒரு மாதத்துப் பேச்சைப் பேசுவாள். வருடத்துக்கு ஐந்து நாள். அந்த ஐந்து நாளுக்காகத்தான் அவள் மிச்ச நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தாள் என்பதை இனி மறைத்து ஆகப்போவதில்லை.

அட்டவணையைத் திருத்தினால் நடை போய்விடும். திருத்தாவிட்டால் கோப்பை வாரமே போய்விடும், அவரும் வரமாட்டார். இரண்டு நாள் யோசித்துத் தாளைச் செயலாளரிடம் நீட்டினாள். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, இவ்வளவு சின்ன விஷயமா என்றார். விருந்து குறைவதற்கு முனகியவர்களை அவரே சமாளித்துக்கொண்டார்.

முதல் நாள் காலை, அறிவிக்க வேண்டியவற்றை எழுதிய தாளை அறிவிப்பாளரின் கூண்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரியில் நின்றார். வாசலில் ஐந்து இருபதுக்குப் பேருந்து உண்டு, யாரும் நடக்க வேண்டியதில்லை என்று எழுதியிருந்தாள்.

"அப்போ இந்த வருஷம் நடை கிடையாதா, டீச்சரம்மா?"

"அதான் பஸ் இருக்கே, சார்."

"ஆமா. முட்டிக்கும் நல்லதுதான்" என்றார்.

அதை எந்தப் பக்கம் எடுத்துக்கொள்வது என்று படி இறங்கி முடியும்வரை யோசித்தாள். யோசித்து என்ன, அதற்குள் கூட்டம் வர ஆரம்பித்திருந்தது.

வந்தது. இரண்டாம் நாள் இன்னும் வந்தது. கடைசிப் பந்தயம் வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. குடும்பம் குடும்பமாக வந்து, கோப்பையைப் பார்த்துவிட்டு, ஐந்து மணிக்கு வாசலில் முண்டியடித்தார்கள். தினமும் நாலு ஐம்பதுக்கு அவருடைய குரல் மைதானம் முழுக்க ஒலித்தது. யாரும் நடக்க வேண்டியதில்லை. எழுதியது அவள்தான்.

ஒரு விஷயத்தில் அவள் கோட்டைவிட்டிருந்தாள். குதிரைக்கு, ஜாக்கிக்கு, கூட்டத்துக்கு, ஓட்டுநருக்கு என்று எல்லோருக்கும் நிமிடம் பார்த்து ஒதுக்கியவள் தனக்கு ஒதுக்க மறந்துபோனாள். கடைசி ஆள் வெளியேறிய பிறகுதான் கதவைப் பூட்டி முள்ளைப் படிக்க முடியும். கூட்டம் பெருத்ததால் அது ஐந்தரையைத் தாண்டியது. முதல் நாலு நாளும் அவள் வெளியே வந்தபோது வண்டி போயிருந்தது. தனியாக நடந்தாள். பாலத்தில் உட்கார்ந்து பார்த்தாள். உட்கார்ந்தால் பேச்சு வரவில்லை. பேச ஆள் இல்லை என்பதுதானே காரணம் என்று நினைத்துத் தானே சிரித்துக்கொண்டாள், பிறகு அழுதாள்.

ஐந்தாம் நாள் நாலாவது வாசலின் எண்ணை எழுதிக்கொண்டிருந்தபோதே எண்ணாயிரம் தாண்டிவிட்டது. செயலாளர் எங்கிருந்தோ ஓடிவந்து, அடுத்த வருடமும் இதே அட்டவணைதான், ஒரு நிமிடம்கூட மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறாவது வாசலின் காவலாளி பூட்டும் சாவியுமாக நின்றிருந்தார். வாயாடி மனிதர். வெளியே கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே இருப்பது கேட்டது.

"இன்னைக்கும் லேட்டுதான் போல. தினமும் இதே கூத்து, மேடம். உங்க மைக் சார், பக்கத்து சீட்டுல பையை வெச்சுக்கிட்டு யாரையும் உக்கார விடமாட்டேங்கறார். ஆள் வர்றாங்க, ஆள் வர்றாங்கன்னு கண்டக்டரோட மல்லுக்கட்டு. நிக்கறவங்க திட்டறாங்க. அஞ்சு நாளா அப்படி யாரும் வந்த மாதிரி தெரியல."

அவள் கையில் பேனா அப்படியே நின்றது. முள் காட்டிய எண்ணை இரண்டு முறை படித்தும் மனதில் ஏறவில்லை. மூன்றாம் முறை படித்து, எழுதி, கையெழுத்துப் போட்டாள். கையெழுத்துப் போடாமல் ஓடியிருக்கலாம். இருபத்தாறு வருடப் பழக்கம், விரல் கேட்கவில்லை.

வாசலுக்கு வந்தபோது வண்டி நகர்ந்துவிட்டது. படிக்கட்டில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். கை தட்டிக் கூப்பிடலாம் என்று நினைத்தாள், யார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. சார் என்றால் அந்த வண்டியில் எல்லோரும் சார்தான். வண்டி வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். சாலையின் ஓரமாக, வலப்பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நடக்கிறோம் என்பது கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. நாலு நாளும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

வளைவு திரும்பியதும் தூரத்தில் பாலம் தெரிந்தது. அதன் பக்கத்தில் பேருந்து நின்றிருந்தது. அங்கே நிறுத்தம் கிடையாது, அவளுக்குத் தெரியாத நிறுத்தமா. மாடு ஏதாவது குறுக்கே வந்திருக்கலாம். யாராவது இறங்குகிறார்களா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். புழுதி அடங்கவில்லை. வண்டியின் பின்னால் சிவப்பு விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்தது, பிறகு அது கிளம்பியது.

அவள் நடையை எட்டிப் போடவில்லை. புழுதி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. கட்டைச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்தது.