பிரெஞ்சு நாற்காலி

நெப்போலியன் காலத்துப் போரைப் பொம்மைப் படைகளை வைத்து மேசைமேல் தனியாளாக ஆடுவதில் ராட்னிக்கு ஒரே சங்கடம்தான். எந்தப் பக்கம் தோற்றாலும் தோற்றவர் அவர்தான்.

டெர்பி நகரத்து கிளப்பில் ராட்னிக்கு எப்போதும் ஆங்கிலேயப் படை, நண்பர் மெர்வினுக்குப் பிரெஞ்சுப் படை. போன இலையுதிர்காலத்தில் மெர்வின் எல்லார் முன்னாலும், "உன் குதிரை மட்டும் எப்படிடா இவ்வளவு தூரம் ஓடுது?" என்று கேட்டுத் தொலைத்தார். முப்பது வருட நட்பு அன்றோடு முறிந்தது. "என்னைப் போய்க் கள்ளாட்டக்காரன்னு சொல்லிட்டான். மன்னிப்பு கேட்காம அங்க கால் வைக்க மாட்டேன்" என்று மனைவி பெரிலிடம் சபதம் போட்டார் ராட்னி.

அப்புறம் சாப்பாட்டு மேசையே போர்க்களமாயிற்று. ஜன்னலோர நாற்காலி ஆங்கிலேயருக்கு, எதிர் நாற்காலி பிரெஞ்சுக்காரருக்கு. நாற்காலி மாறும்போதெல்லாம் தேநீர்க் கோப்பையும் கூடவே போகும். பிஸ்கட் தட்டு மட்டும் ஆங்கிலேயப் பக்கத்தைவிட்டு நகராது, தேசபக்தி அப்படி. ஆனால் மெர்வின் இல்லாத ஆட்டம் உப்புச்சப்பில்லாமல்தான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் மானம் என்னாவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலேயக் குதிரைப்படை பாய்ந்தது. ஒரு முறைக்குப் பன்னிரண்டு அங்குலம்தான் நகரலாம். நாடாவால் அளந்து நகர்த்தி, பகடையை உருட்டினார். ஆறு! பிரெஞ்சுப் பீரங்கிகள் காலி.

துள்ளிக் குதித்துவிட்டு எதிர் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே வயிறு எரிந்தது. அவ்வளவு தூரம் எப்படி வந்தது இந்தக் குதிரை? நாடாவை எடுத்து மறுபடி அளந்தார். முன்னங்காலிலிருந்து அளந்து, நாடா முடிந்த இடத்தில் பின்னங்காலை வைத்திருக்கிறான் ஆங்கிலேயன்! ஒவ்வொரு நகர்விலும் ஒரு முழுக் குதிரை நீளம் லாபம்.

"அயோக்கியப் பயலே!"

அடுப்பில் கோழியைக் கவனித்துக்கொண்டிருந்த பெரில் எட்டிப் பார்த்தாள். "யாரைத் திட்டுற?"

"எதிர்ல இருந்தவனைத்தான். பித்தலாட்டம் பண்றான்!"

பெரில் காலி நாற்காலியைப் பார்த்தாள். "எத்தனை நாளா?"

ராட்னி கையிலிருந்த நாடாவைப் பார்த்தார். அவர் குதிரையை எப்போதுமே இப்படித்தான் அளந்திருக்கிறார். கிளப்பிலும்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. தொலைபேசியை எடுத்தார்.

"மெர்வின், என்னை ஒருத்தன் ஏமாத்திட்டான்டா."

"யாரு?"

"உன்னை ஏமாத்தினானே, அவனேதான்."

மறுமுனையில் நாட்காட்டியைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"வியாழக்கிழமை அவனையும் கூட்டிட்டு வா. ரெண்டு பேரையும் தோக்கடிக்கிறேன். ஆனா நாடா என் கையிலதான் இருக்கும்."

தட்டில் மிச்சமிருந்த ஒற்றை பிஸ்கட்டை ராட்னி பிரெஞ்சுப் பக்கம் நகர்த்தி வைத்தார்.